டோனர் நிரப்பும் தம்பிகளுக்கு: டிரம்மைக் கொல்லும் தவறுகள்

திருப்பூரிலும் கோவையிலும் லேசர் பிரிண்டர் பழுது பார்க்கப் பழகும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் தலைமுறை எந்த இடத்தில், எந்த விதமாக டிரம்களை (பவுடரை ஏந்திக் காகிதத்தில் எழுத்தாக இறக்கும் உருளைகளை) கெடுத்ததோ, அதே இடத்தில் அதே விதமாக இவர்களும் கெடுக்கிறார்கள். புதுக் கார்ட்ரிட்ஜின் சீல் நாடாவை இழுக்க மறப்பது, கேபிளைச் சரியாகச் செருகாமல் அரை மணி நேரம் விழிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒரு தடவை செய்து திட்டு வாங்கியவன் மறுபடி செய்ய மாட்டான். செய்தவனுக்கே தெரியாமல் காசைத் தின்னும் தவறுகள் வேறு.

இந்த வட்டாரத்து அலுவலகங்களில் அடிக்கடி கண்ணில் படுபவை எச்.பி. 1020, எம்1005, கேனான் எல்.பி.பி. 2900. மூன்றுக்கும் அடிப்படையில் ஒரே வகைக் கார்ட்ரிட்ஜ்தான்; எச்.பி.யில் 12ஏ, கேனானில் 303. அடுத்து 88ஏ போடும் பி1007, பி1108, எம்1136. இவற்றில் டிரம்மும் டோனர் என்ற பவுடரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பிரதர் கம்பெனி பிரிண்டர்களில் இரண்டும் தனித்தனி. நான் சொல்வதில் பெரும்பகுதி முதல் இரண்டு வகைகளுக்குப் பொருந்தும்.

பக்கத்தைப் பார்க்காமல் கார்ட்ரிட்ஜைப் பிளப்பது

வாடிக்கையாளர் "பிரிண்ட் சரியில்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள். கெட்டுப்போன பக்கத்தைக் கேட்டு வாங்குவதே இல்லை. அந்தப் பக்கத்தில்தான் பாதி விடை இருக்கிறது.

பையில் ஒரு ஸ்கேல் வைத்திருங்கள். ஒரே புள்ளியோ கறையோ பக்கத்தில் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப வந்தால் இடைவெளியை அளந்து பாருங்கள். 12ஏ-வில் ஏறக்குறைய 75 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வந்தால் குற்றவாளி டிரம்; அதன் சுற்றளவு அவ்வளவு. ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் என்றால் டிரம்முக்கு மின்னேற்றம் கொடுக்கும் பி.சி.ஆர். உருளை. பிரதரில் 94 மில்லிமீட்டர் வந்தால் டிரம். 38 வந்திருக்கும்போது டிரம்மை மாற்றிவிட்டு, "புது டிரம்மும் மோசம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம் அந்தக் கடைக்காரர்.

பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தால் பி.சி.ஆருக்குப் போகும் மின் தொடர்பை முதலில் பாருங்கள். மின்னேற்றம் ஏறாத டிரம் முழுவதும் பவுடர் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கறுப்பு. எழுத்து நன்றாக விழுந்து, விரலால் தேய்த்தால் உதிர்கிறது என்றால் கார்ட்ரிட்ஜைத் தொடவே வேண்டாம். பவுடரை உருக்கிக் காகிதத்தில் பதிக்கும் ஃபியூசரில்தான் கோளாறு. பெரும்பாலும் அதன் டெஃப்லான் உறை கிழிந்திருக்கும். ஸ்டேப்ளர் பின்னோடு காகிதத்தை உள்ளே விட்ட புண்ணியவான் அந்த அலுவலகத்திலேயே இருப்பார்.

மங்கலாக வருகிறது, காரணம் தெரியவில்லை என்றால் ஒரு பக்கத்தை அனுப்பி, காகிதம் பாதி உள்ளே போனதும் மூடியைத் திறந்து நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜை எடுத்து டிரம்மைப் பாருங்கள். டிரம் மேல் எழுத்து அடர்த்தியாக இருந்து காகிதத்தில் மட்டும் மங்கலாக இருந்தால், டிரம்மிலிருந்து காகிதத்துக்குப் பவுடரை இழுக்கும் டிரான்ஸ்பர் உருளை தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். டிரம்மிலேயே மங்கல் என்றால் அதன் பிறகு கார்ட்ரிட்ஜைக் கழற்றலாம்.

பழைய பவுடரைத் திரும்ப ஊற்றுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பவுடர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிரம் மேல் ஒட்டிய பவுடர் அத்தனையும் காகிதத்துக்குப் போய்விடுவதில்லை. மிச்சம் தங்கும். அதை வைப்பர் பிளேடு என்ற ரப்பர் பட்டை ஒவ்வொரு சுற்றிலும் வழித்து, பின்னால் இருக்கும் வேஸ்ட் அறைக்குள் தள்ளும். 12ஏ-வைப் பிரித்தால் இரண்டு பாதிகள் வரும். ஒன்றில் புதுப் பவுடர் அறை, பவுடரை இழுத்து டிரம்முக்குக் கொடுக்கும் மேக் உருளை, அதன் மேல் பவுடரை மெல்லியதாகச் சமன் செய்யும் டாக்டர் பிளேடு. இன்னொன்றில் டிரம், பி.சி.ஆர்., வைப்பர் பிளேடு, வேஸ்ட் அறை. நிரப்ப வருகிற தம்பி முதல் பாதியின் மூடியைத் திறந்து பவுடரை ஊற்றி மூடிவிடுகிறார். இரண்டாவது பாதியைத் தொடுவதில்லை. சிலர் அதைவிட ஒரு படி மேலே போய், வேஸ்ட் அறையில் சேர்ந்ததைத் தட்டி எடுத்துப் புதுப் பவுடரோடு கலந்து ஊற்றுகிறார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் கழிவு என்று ஒன்று கிடையாது. நூற்பாலைப் பஞ்சுக் கழிவை வாங்கி நூல் நூற்பதற்கென்றே ஓப்பன் எண்ட் மில்கள் இருக்கின்றன. பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட்டுக்கு விலை உண்டு. ஒரு காலத்தில் சாலையோரம் மலையாகக் கிடந்த பொள்ளாச்சித் தென்னை நார்க் கழிவு இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையனிடம், கறுகறுவென்று புதிது போலவே இருக்கும் பவுடரைக் குப்பையில் போடச் சொன்னால் கை வராதுதான். "இவ்வளவையும் கொட்டிவிடவா அண்ணா?" என்று கேட்காத தம்பியை நான் பார்த்ததில்லை.

ஆம், கொட்டிவிட வேண்டும். வேஸ்ட் அறையில் இருப்பது பவுடர் மட்டுமல்ல. காகிதத்திலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி, நார்த் துணுக்கு, அலுவலகத் தூசி எல்லாம் அதில் கலந்திருக்கும். திருப்பூரில் கூடவே பஞ்சு இழையும் இருக்கும். ஒரு தடவை தேய்ந்து வந்த பவுடர் புதிதைப் போல மின்னேற்றம் ஏற்காது. எழுத்து மங்கும், வெள்ளைப் பகுதியில் சாம்பல் படரும். மென்மையான பூச்சு கொண்ட டிரம் மேல் அந்தப் பொடி தேய்ந்து தேய்ந்து கோடு போடும். அந்தக் கோடு ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்பு இழையாக வந்து நிற்கும். பஞ்சு இழை டாக்டர் பிளேடின் அடியில் சிக்கினால் அந்த இடத்தில் பவுடர் இறங்காது. அங்கே வெள்ளைக் கோடு.

பனியன் துணியில் சலித்து ஊற்றிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். வெள்ளை இன்டர்லாக் துணி; அதை நான்காக மடித்துச் சலித்திருக்கிறார். கேட்டால், "தூசி எல்லாம் துணியிலேயே நின்றுவிட்டது பாருங்கள் அண்ணா" என்று துணியை விரித்துக் காட்டினார். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் டோனர் துகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியதாகவே இருக்கும். அதோடு சேர்ந்து வரும் நுண்பொடியைத் துணி பிடித்து நிறுத்தாது. போதாக்குறைக்கு, அந்தத் துணியே பஞ்சு இழையை உதிர்க்கும். சலித்ததால் மின்னேற்றமும் திரும்பி வருவதில்லை.

வேஸ்ட் அறையைக் காலி செய்யாமல் விட்டாலும் கதை நல்லபடி முடியாது. அறை நிரம்பியதும் வழித்த பவுடருக்குப் போக இடமில்லை. டிரம்மின் ஓரமாகக் கசிந்து பிரிண்டருக்குள் விழும். அவிநாசி சாலையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. சரக்கு கிளம்பும் நாளில் பேக்கிங் லிஸ்ட் அடிக்க, ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் கறுப்புத் திட்டு. முன்பக்கம் சாம்பல். வேறொரு ஆள் வந்து தொடர்ந்து நிரப்பிக் கொடுத்துவந்த கார்ட்ரிட்ஜ் அது. அவர் பவுடர் குறைவு என்று மேலும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். நான் திறந்தபோது வேஸ்ட் அறை கெட்டித்துக் கிடந்தது. டிரான்ஸ்பர் உருளை முழுக்கப் பவுடர். டிரம், பி.சி.ஆர்., வைப்பர் பிளேடு மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காசுக்கு வேறு கம்பெனி செய்த நல்ல காம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் புதிதாகவே வாங்கியிருக்கலாம். லாரி மதியம் வரை வாசலில் நின்றது. மேனேஜர் என்னைத்தான் முறைத்தார். கையில் கிடைத்தவன் நான்தானே.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. டிரம்மைக் கழற்றிக் கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள். பி.சி.ஆரை எடுங்கள். வைப்பர் பிளேடின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, வேஸ்ட் அறையைப் பிளாஸ்டிக் பைக்குள் கவிழ்த்துத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடின் விளிம்பில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன நெளிவு இருந்தாலும் அந்த இடம் வழிக்காது. புது டிரம்மோ புது பிளேடோ போட்டால், உராய்வைக் குறைக்கவென்று விற்கிற பேடிங் பவுடரைக் கொஞ்சம் பூசிய பிறகே மாட்டுங்கள். உலர்ந்த டிரம் மேல் உலர்ந்த ரப்பர் உராய்ந்தால் பிளேடு மடங்கிப்போகும். மாட்டியபின் டிரம்மை அது ஓடும் திசையில் மட்டும் கையால் சில சுற்று சுற்றிப் பாருங்கள்.

எடுத்த வேஸ்ட்டைப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். குப்பை எரிக்கும் தீயில் போடாதீர்கள். நுண்பொடி குபீரென்று பற்றும்.

எந்தப் பவுடரும் ஒன்றுதான் என்று நினைப்பது

இல்லை. எச்.பி., கேனான் கறுப்பு வெள்ளைக் கார்ட்ரிட்ஜ்களில் போகும் பவுடரில் இரும்பு ஆக்சைடு இருக்கும். மேக் உருளைக்குள் இருக்கும் காந்தம் அதைப் பிடித்து இழுக்கும். பிரதருக்கு உரியது காந்தமில்லாத பவுடர். அதை 12ஏ-வில் ஊற்றினால் காந்தத்தால் பிடிக்க முடியாது. மாற்றி ஊற்றினாலும் வீண்தான். காந்தப் பவுடர்களுக்குள்ளேயே 12ஏ-வுக்கும் 88ஏ-வுக்கும் தனித்தனியாக விற்பது சும்மா இல்லை. பாட்டிலில் பெயர் எழுதாமல் பெரிய டப்பாவில் கொட்டி வைத்திருக்கும் கடைகளுக்கு நான் போவதில்லை.

டிரம்மை வெயிலில் வைப்பது

மழைக்காலத்தில் ஈரம் போகட்டும் என்று மாடியில் வைத்தவரைக் கண்டிருக்கிறேன். டிரம் ஒளிக்கு எதிர்வினை செய்யும் பொருள். லேசர் அதில் எழுதுவதே அதனால்தான். சற்று நேரம் டியூப்லைட் வெளிச்சம் பட்டால், இருட்டில் வைத்துத் தேற்றிவிடலாம். நேர் வெயில் பட்டால் தேறும் என்று நம்பாதீர்கள்.

தின்னர் கொண்டு துடைப்பது

டிரம்மின் மேல்பூச்சே கரையும். உலர்ந்த, நூல் உதிராத துணி போதும். விரல் ரேகையைக்கூடப் பதிக்காதீர்கள்.

பிரதரின் பச்சைத் தாழ்

எச்.பி. மட்டுமே பழகியவர்கள் இங்கே சறுக்குவார்கள். பிரதரில் மின்னேற்றம் கொடுப்பது ஒரு மெல்லிய கம்பி. அதில் தூசி சேர்ந்தால் கோடு விழும். சுத்தம் செய்ய டிரம் மேல் பச்சைத் தாழ் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை இடமும் வலமுமாகச் சில தடவை தள்ளிவிட்டு, அம்புக்குறி போட்ட இடத்தில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் விட்டால் பக்கத்தில் செங்குத்தாகக் கறுப்புப் பட்டை வரும். தாழைத் தள்ளிப் பார்த்து ஓய்ந்துபோய், புது டிரம் வாங்கச் சொல்லிவிட்டுப் போனவர் விட்ட இடத்திலேயே தாழ் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: டோனரை மாற்றும்போதெல்லாம், டிரம் எத்தனை பக்கம் ஓடியது என்று பிரிண்டர் வைத்திருக்கும் கணக்கையும் அழித்துவிடாதீர்கள். எச்.எல்.-எல்2321டி-யின் டி.ஆர்.-2365 டிரம்முக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் சுமார் 12,000 பக்கம். டோனருக்கு அதில் பாதிகூட இல்லை. கணக்கை அழித்துவிட்டால் அடுத்து வருகிற ஆளுக்கு டிரம் எவ்வளவு ஓடியது என்று எதுவும் தெரியாது.

ஈரக் காகிதம்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் டிரேயில் கிடக்கும் தாள்கள் நமுத்துப்போகும். எழுத்து திட்டுத் திட்டாக மங்கும். தாள் சுருண்டு வரும். டோனரைக் குறை சொல்வதற்கு முன் புதுக் கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

கொட்டிய பவுடரை வெந்நீரில் கழுவுவது

டோனர் உருகுகிற பிளாஸ்டிக். சட்டையை உதறிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள்.

லேசர் பிரிண்டரைச் சின்ன யூ.பி.எஸ்.ஸில் மாட்டுவது

ஃபியூசர் சூடேறும் நொடியில் யூ.பி.எஸ். அலறும். சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.