2021-ஐ உடைப்பது எப்படி?

ஒரு எண்ணின் பகாக் காரணிகளைத் தேடும்போது அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் 45-க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 14 பகா எண்கள் இருக்கின்றன. 2, 3, 5 மூன்றும் பார்த்தவுடனே கழிந்துவிடும்.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம். மூன்றையும் பெருக்கினால் 1001 வரும், அதுதான் சூட்சுமம். கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து முன்னால் இருப்பதைக் கழியுங்கள்: 21 − 2 = 19. 2021 என்பது 2 × 1001 + 19 தான். 19 என்பது 7, 11, 13 எதிலும் வகுபடாது, ஆகவே 2021-உம் வகுபடாது.

சரி, மிச்சமிருக்கும் எட்டையும் ஒவ்வொன்றாக வகுக்க வேண்டுமா? நானாக இருந்தால் அதற்கு முன் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1643-இல் ஒரு கடிதத்தில் எழுதிய வழியைப் பார்த்துவிடுவேன். எண்ணுக்கு அடுத்து மேலே வரும் வர்க்கத்தை எடுங்கள். 45-இன் வர்க்கம் 2025, வித்தியாசம் 4. அதுவும் ஒரு வர்க்கம், 2-இன் வர்க்கம். a² − b² = (a − b)(a + b) என்பதால் காரணிகள் 45 − 2, 45 + 2. அதாவது 43, 47. இரண்டுமே பகா எண்கள்.

8051-க்கும் இதே கதைதான்: 8100 − 49, ஆக 83 × 97. வித்தியாசம் வர்க்கமாக அமையாவிட்டால் அடுத்த வர்க்கத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று தடவையில் சிக்கவில்லை என்றால் காரணிகள் தள்ளித் தள்ளி இருக்கலாம், அல்லது அது பகா எண்ணாகவே இருக்கலாம். அப்புறம் பழையபடி வகுத்தல்தான்.