பழைய உலோகக் கிளாரினெட்: செலவு செய்யலாமா?
பழைய உலோகக் கிளாரினெட் கிடைத்ததும் பாலிஷ் போட உட்கார்ந்துவிடாதீர்கள். பளபளப்புக்கும் நாதத்துக்கும் சம்பந்தமில்லை. முதலில் 'ஹெச்.பி.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அந்தக்கால உயர்சுருதிக் கருவி; இன்றைய வாத்தியங்களோடு சேராது, அலமாரிக்குத்தான் அழகு.

அடுத்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். வளைவோ ஆழமான நசுங்கலோ தெரிந்தால் செலவு எகிறும். கீகளை, அதாவது துளைகளை மூடித் திறக்கும் விசைகளைத், தாங்கும் சின்னத் தூண்களை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் சரி, வரிசையாக ஆடினால் யோசியுங்கள். பேட் (கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தை), இணைப்புகளில் உள்ள கார்க் போயிருப்பது சகஜம், மாற்றிவிடலாம்.

1920, 30களில் வந்தவற்றில் பெரும்பாலானவை மாணவர் ரகம்தான். ஆனால் ஹெய்ன்ஸ், சில்வா-பெட் போன்ற உயர்தர ரகத்தின் பெயர் தெரிந்தால் தாராளமாகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகலாம்.