நண்பரின் உறவினர் வீட்டுக்கு ரயிலில் செல்லும்போது

ஜேர்மனிக்கு வந்த முதல் மாதங்களிலேயே, நண்பரின் சித்தப்பா வீட்டிலோ தோழியின் மாமி வீட்டிலோ சில நாட்கள் தங்க வேண்டிய தேவை பலருக்கும் வந்துவிடுகிறது. அவர்களை நாம் முன்பின் பார்த்திருக்க மாட்டோம். அவர்களோ நம்மை ஏற்றிப்போக நிலையத்தில் வந்து காத்து நிற்பார்கள். ஆகவே வந்துசேரும் நேரத்தை மட்டும் சொல்லாமல், ரயிலின் இலக்கத்தையும் அனுப்பிவிடுங்கள். தாமதத்தை அவர்களே கைபேசியில் பார்த்துக்கொள்வார்கள்.

தாமதம் இங்கு அரிதானதல்ல. 2024இல் நெடுந்தூர ரயில்களில் ஏறத்தாழ 62.5 வீதமே நேரத்துக்கு வந்தன. அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதம் தாமதமாகவே எண்ணப்படுவதில்லை. பத்து நிமிடத்துக்குள் ரயில் மாறவேண்டிய பயணத்தை நான் தெரிவு செய்வதேயில்லை. ‘ஸ்பார்பிரைஸ்’ என்னும் மலிவுச் சீட்டு குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்றாலும், போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். ‘டொய்ச்லாண்ட் டிக்கெட்’ என்னும் மாதச் சீட்டு வைத்திருப்போர் அதைக்கொண்டு ஐ.சி.இ., ஐ.சி. என்னும் நெடுந்தூர ரயில்களில் ஏறிவிடக் கூடாது; அது உள்ளூர், பிராந்திய வண்டிகளுக்கானது.

பேர்லினிலிருந்து மேற்கே போகிறவர்கள் ஒன்றை நன்றாக மனதில் வைக்க வேண்டும். ஹம் என்றதும் நம்மவர்களுக்குக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊர் நிலையத்தில்தான் பல ஐ.சி.இ. ரயில்கள் இரண்டாகக் கழற்றப்பட்டு, ஒரு பாதி டோட்முண்ட், எசன் வழியாக டுசில்டோர்வ் நோக்கியும், மறுபாதி ஹாகன், வூப்பெற்றால் வழியாகக் கொலோன் நோக்கியும் செல்கின்றன. ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு உள்ளே நடந்துபோக வழியில்லை. வூப்பெற்றாலுக்குப் போகவேண்டிய நான், எந்தப் பெட்டியில் ஏறினாலும் ஒன்றுதான் என்று எண்ணி முன்னால் நின்றதில் ஏறிவிட்டேன். வெளியே ‘டோட்முண்ட்’ என்ற பெயர்ப்பலகை தெரிந்தபோதுதான் உறைத்தது. வேறு சீட்டு வாங்கிப் பிராந்திய ரயிலில் போய் இறங்கியபோது, நண்பரின் மாமா தேநீர்க் குடுவையும் கையுமாக மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார், தேநீர் ஆறிப்போயிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப் பெயரையும், மேடையில் A, B, C எனத் தொங்கும் பகுதி எழுத்துகளையும் பார்த்த பிறகே ஏறுங்கள்.

அன்பளிப்பாகக் கொண்டுபோக ஏதும் வாங்குவதானால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று பெரிய நிலையங்களில் உள்ள கடைகள் தவிர ஏறத்தாழ எல்லாமே பூட்டியிருக்கும்.

யாரும் கூட்டிப்போக வராவிட்டால், அழைப்புமணியில் என்ன பெயர் உள்ளது என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள முகவரிகளில் கட்டடத்தின் இலக்கம் இருக்குமே தவிர, அதனுள் இருக்கும் தனித்தனி வீட்டின் கதவிலக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. மணியருகே குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். நம்மவர்கள் பலருக்குத் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருப்பதால், நீங்கள் அறிந்த ‘சிவா மாமா’ அந்த வரிசையில் எங்குமே இருக்க மாட்டார்.