காதல் நாவல் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

என் முதல் நாவலின் நாயகன் பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். யோசித்தால் துடைப்பான், கோபம் வந்தால் துடைப்பான், காதலைச் சொல்வதற்கு முன் இரண்டு தடவை துடைப்பான். அந்தப் பழக்கம் என்னோடு வேலை பார்த்த ஒருவருடையது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், உயரத்தில் நான்கு அங்குலம் கூட்டிக்கொடுத்தேன். கண்ணாடியை மட்டும் மறந்துவிட்டேன். நாவல் வந்து ஒரு மாதம் இருக்கும், அலுவலகக் கூட்டத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினார், என்னைப் பார்த்தார், துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம் நான் இருக்கும் இடத்தில் அவர் கண்ணாடியில் கைவைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு நிறைய எழுதியாகிவிட்டது. புதிதாக எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளையும் படித்துச் சொல்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பெரும்பாலானவற்றை நானும் செய்தவள்தான். பார்க்க வேறுவேறாகத் தெரிந்தாலும் இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காதலிக்க வேண்டியது பாத்திரங்கள். பொறுமையில்லாமல் அந்த வேலையையும் எழுதுகிறவரே செய்துவிடுகிறார்.

சொந்தக் கதையை அப்படியே இறக்குவது

"உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருது?" என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்க நினைப்பது, "இதெல்லாம் உங்களுக்கே நடந்ததா?" என்பதுதான். நடந்ததுதான், ஆனால் நடந்தபடி இல்லை.

ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிரான்டி 1842இல் பிரஸ்ஸல்ஸுக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் எஜே மணமானவர். ஊர் திரும்பிய பிறகு சார்லட் அவருக்கு எழுதிய கடிதங்களில் நான்கு மிஞ்சியிருக்கின்றன. யாரோ கிழித்துப்போட்டு, யாரோ மறுபடி சேர்த்துத் தைத்த கடிதங்களும் அவற்றில் உண்டு. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிய நாவல் 'த ப்ரொஃபஸர்'. அதில் ஆசிரியரும் மாணவியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வாழ்க்கை தராததை அவர் நாவலில் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். அவர் இறந்த பிறகு 1857இல்தான் அது அச்சானது. பெல்ஜியத்தை விட்டு வந்து ஒன்பது வருடம் கழித்து, அதே பள்ளிக்கூட அனுபவத்தை மறுபடி எடுத்து 1853இல் 'வில்லெட்' என்று வெளியிட்டார். அதில் அந்தச் சுலபமான கல்யாணம் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், காயம் ஆறும் முன் எழுதுவதற்கும் ஆறியபின் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நம் ஆட்கள் இதற்கு விதியே போட்டுவைத்திருக்கிறார்கள். அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் தலைவனுக்குப் பெயர் கிடையாது. வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஒரு குறிப்பு மட்டும் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே இது அகமல்ல, புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். என் கண்ணாடியும் அந்த வேம்பும் ஒன்று. இப்போதெல்லாம் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இரண்டு விஷயத்துக்கு மேல் எடுப்பதில்லை. அந்த இரண்டில் ஒன்று வெளியே தெரியாத குணமாக இருக்க வேண்டும் என்பதும் என் கணக்கு.

படபடக்கும் இதயம்

'அவளைப் பார்த்த நொடியில் அவன் இதயம் படபடத்தது.' இதயம் படபடக்காத கைப்பிரதி இதுவரை என் கைக்கு வந்ததில்லை. அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அவளை அவனுக்கு ஏன் பிடித்தது என்பதற்குப் பதிலாக, பிடித்தது என்ற முடிவை மட்டும் எழுத்தாளர் அறிவித்துவிட்டுப் போகிறார். வாசகர் நம்பித்தான் ஆக வேண்டும்.

இப்படி வைத்துப் பாருங்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் அறை, இரவு பதினொன்று. உள்ளே அவளுடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. அக்காவுக்குச் சொல்ல வேண்டும், போன் அணைந்துவிட்டது. எதிரில் இருப்பவன் எதுவும் கேட்காமல் தன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி நீட்டுகிறான். அவள் அக்காவிடம் பேசுகிறாள், கொஞ்சம் அழுகிறாள். கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து அவனிடம், "உங்க வீட்லருந்து கவுன்டருக்குப் போன் பண்றாங்க, நீங்க எடுக்கவே மாட்டேங்கிறீங்களாம்" என்கிறார். அவன் தன் போனைத் திருப்பிக் காட்டுகிறான். திரை கறுப்பாக இருக்கிறது. அவள் அப்போதுதான் கையிலிருக்கும் சார்ஜரைப் பார்க்கிறாள்.

காதல் என்ற சொல்லே இதில் வரவில்லை. ஆனால் அன்றிரவு அவள் இவனை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லித் தெரியவில்லை, அவன் செய்ததைப் பார்த்துத் தெரிந்தது.

இந்தக் காட்சியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுப்பவன், தன் வீட்டாரைத் தவிக்க விடுகிறவன்தானே? முதல் அத்தியாயத்தில் அவளுக்குப் பிடித்த அதே குணம் நூற்றைம்பதாம் பக்கத்தில் சண்டையாக வெடிக்கலாம். அழகு, பணம், வீரம், ஆறடி உயரம் என்று எல்லாம் நிரம்பிய நாயகனிடம் இந்த வசதி கிடைக்காது. அவனிடம் சண்டை போட ஒன்றுமில்லை, அதனால் வில்லியை வெளியிலிருந்து கூட்டிவர வேண்டியிருக்கிறது.

ஒரு போன் காலில் முடிகிற பிரச்சினை

அவன் யாரோ ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசுவதை அவள் பார்க்கிறாள். அந்தப் பெண் அவனுடைய தங்கை. இவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை, ஓடிவிடுகின்றன பன்னிரண்டு அத்தியாயங்கள். படிக்கிறவருக்கு வருகிற கோபம் பாத்திரங்கள் மேல் அல்ல, உங்கள் மேல்.

ஊடல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊடல் உப்பு மாதிரி, அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் போச்சு என்று 1302ஆம் குறளிலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்.' பக்கம் நிரப்ப ஊடலை இழுக்கிற நம் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நாயகனையும் நாயகியையும் ஒரு அறையில் அடைத்து, உண்மையை மட்டும் பேசச் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்வேன். பேசி முடித்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டால் அது தடையே அல்ல, தாமதம். பேசி முடித்த பிறகும் இருவரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால், அதில் நாவலுக்கு வேண்டியது இருக்கிறது. அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அவனால் படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டு நகர முடியாது. இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இதை எந்த போன் காலும் தீர்க்காது. ஒருவர் உள்ளுக்குள் மாறியாக வேண்டும், அந்த மாற்றத்துக்குத்தான் இருநூறு பக்கம்.

முரட்டுத்தனத்தைக் காதல் என்று விற்பது

இதைப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. அவள் வேண்டாம் என்கிறாள், அவன் பின்னாலேயே வருகிறான். கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் போனைப் பிடுங்கிப் பார்க்கிறான், கடைசியில் 'எல்லாம் உன்மேல வச்ச பாசம்' என்கிறான். ஆன்டி ஹீரோ என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று எழுதுகிறவர் நினைக்கிறார். ஒருபக்கக் காதலான கைக்கிளையையும் பொருந்தாக் காதலான பெருந்திணையையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய மொழியில் எழுதிக்கொண்டு இதைச் செய்கிறோம்.

கெட்டவன் திருந்தும் கதை எழுதக்கூடாதா? தாராளமாக எழுதலாம். அவன் செய்ததற்கு விலை கொடுக்க வேண்டும். அவளுக்கு அவனை மறுக்கிற வழி திறந்திருக்க வேண்டும், அப்படியிருந்தும் அவள் தானாக வர வேண்டும். மறுக்க வழியில்லாதவள் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எழுத எனக்குக் கை வராது.

வேலையே இல்லாத நாயகன்

பெரிய கம்பெனி முதலாளி. காலை பத்து மணிக்கு என்ன செய்வான்? கைப்பிரதியில் பதில் இருக்காது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தை வைத்து எழுதிய காதல் நாவல்களுக்காக உடை, வண்டி, கொச்சைமொழி என்று நோட்டு நோட்டாகக் குறிப்பு எழுதிவைத்திருந்தார். அவ்வளவு வேண்டாம். நாயகி கண் மருத்துவர் என்றால் ஒரு நாள் வேலை முடிந்ததும் அவளுக்கு எங்கே வலிக்கும், கழுத்திலா இடுப்பிலா என்றாவது தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

உரையாடலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர்களை மறைத்துவிட்டு வசனங்களை மட்டும் சத்தமாகப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லையா? இருவர் வாயிலும் நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூட் வரட்டும் என்று காத்திருப்பது

மழை பெய்ய வேண்டும், வீடு அமைதியாக இருக்க வேண்டும், மனசில் ஒரு ஏக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் காதல் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். முதல் நாவலுக்கு மூன்றரை வருடம் ஆனதற்கு அதுதான் காரணம்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். உட்காரும் மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். அது அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்தது. 250 சொல் கணக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த அரை மணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நேற்றைய பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் எழுதுகிற மனநிலை தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொன்று, காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அவள் கதவைத் திறக்கக் கையை வைத்த இடத்தில் நிறுத்துங்கள். முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெறுந்தாள்தான் எதிரே நிற்கும்.

முடிவில் கைவிடுவது

அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனை சொல்கிறது. காதல் கதை மையமாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். காதல் நாவல் என்று கொடுத்துவிட்டு, இலக்கியமாகத் தெரியட்டும் என்று கடைசி அத்தியாயத்தில் நாயகனை லாரியில் மோதிக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சோகமாக முடிவதில் தப்பில்லை. ஆனால் அதற்கான நாவலை முதல் பக்கத்திலிருந்து எழுத வேண்டும்.

அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. இருவரையும் யாரோ சேர்த்துவைத்துவிடுகிறார்கள். பாட்டி, நண்பன், எதிர்பாராத விபத்து என்று யாராவது ஒருவர் அல்லது ஏதாவது ஒன்று. ஜேன் ஆஸ்டினுக்கும் இது நேர்ந்தது. 'பெர்ஸ்வேஷன்' நாவலை அவர் முதலில் 1816 ஜூலையில் முடித்தார். எட்டு வருடத்துக்கு முன் பிரிந்த இருவர். நாயகி வேறொருவரை மணக்கப்போகிறாளா என்று விசாரிக்கும்படி நாயகனை ஒரு அட்மிரல் அனுப்புகிறார். அவன் வந்து கேட்கிறான், அவள் இல்லை என்கிறாள், சுபம். ஆஸ்டினுக்கு இது திருப்தியாக இல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் மாற்றி எழுதிவிட்டார். புதிய முடிவில், பெண்களின் காதல் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று நாயகி வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் நாயகன் காதில் அது விழுகிறது. அங்கேயே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். அட்மிரல் தேவைப்படவில்லை. அவள் சொன்ன வார்த்தை அவனை எழுத வைத்தது, அவன் எழுதியது அவளைப் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்டின் அச்சுக்கென்று எழுதி முடித்த நாவல்களில், அவர் கையெழுத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை வேண்டாமென்று ஒதுக்கிய அந்தப் பழைய முடிவின் இரண்டு அத்தியாயங்கள் மட்டும்தான். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, அடித்தல் திருத்தல்களோடு.