பாண்டியன் செய்தது தப்பா? கதாபாத்திரத்தின் முடிவை அறவியலால் அலசுவது எப்படி

ஒரு வாசிப்பு வட்டத்தில் சிலப்பதிகாரப் பாண்டியன் குற்றவாளியா என்று பேசப் போய் நன்றாக மாட்டிக்கொண்டேன். கான்ட், மில் என்று மேலைத் தத்துவவாதிகளை அடுக்கி முடித்ததும் ஒருவர் கேட்டார்: "அவனோட எந்த முடிவைச் சொல்றீங்க?" என்னிடம் பதில் இல்லை. அப்புறம் கண்டுபிடித்த வழி இது.

படி 1: ஆளை விட்டுவிட்டு முடிவைப் பிடியுங்கள். "நெடுஞ்செழியன் நல்லவனா?" என்பது பட்டிமன்றத் தலைப்பு. "காவலர்களுக்கு அந்த ஆணையைக் கொடுத்தது சரியா?" என்பதைத்தான் அலச முடியும்.

படி 2: அந்த இடத்தை மூலத்தில் படியுங்கள். உரையோடு படிக்கலாம், கதைச்சுருக்கம் மட்டும் வேண்டாம். கொலைக்களக் காதையில், ஊடலில் தலைவலி என்று எழுந்துபோன அரசியைத் தேடி மன்னன் போகிறான். பொற்கொல்லன் குறுக்கே வந்து, சிலம்பு திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்கிறான் மன்னன். "இருந்தால்" என்ற நிபந்தனையைச் சுருக்கங்கள் விழுங்கிவிடும். ஆனால் அது அரசியின் சிலம்புதானா என்று பார்க்கும் வேலையை அவன் யாரிடமும் விடவில்லை.

படி 3: நான் சறுக்கியது இங்கேதான். ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள் (செயலியெல்லாம் வேண்டாம், பேனா போதும்). இடப்பக்கம் நமக்குத் தெரிந்தவை, வலப்பக்கம் அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்தவை. கோவலன் நிரபராதி, பொற்கொல்லனே திருடன் என்பதெல்லாம் இடப்பக்கம். அதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். நான் மூடாமலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

இப்போது ஒன்றை மாற்றிப் பாருங்கள். கோவலன் நிஜமாகவே திருடன். அதே அவசரம், அதே ஆணை. மன்னன் மேல் குறையே இல்லையா? "இருக்கிறது" என்றால், குற்றம் விசாரிக்காததில் இருக்கிறது. நிரபராதி செத்தது அதன் மேல் வந்து விழுந்த விளைவு. தன் கையில் இல்லாத விளைவை வைத்து ஒருவன் மேல் பழி கூடலாமா, குறையலாமா? தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்று விவாதித்த சிக்கல் இதுதான். கண்ணகி அவையில் மன்னனை எப்படி அழைக்கிறாள்? "தேரா மன்னா!" ஆராயாத மன்னனே.

படி 4: கோட்பாடுகள். என் சிபாரிசு முதலில் அரிஸ்டாட்டில். ஒருவனின் அறியாமைக்கு அவனே காரணம் என்றால் அந்த அறியாமைக்கும் தண்டனை உண்டு என்கிறார். நம் வழக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. விளைவை எடைபோடும் மில் வழியில் போனால், சிலம்பைக் கொண்டுவரச் செய்து பார்க்க ஆகும் நேரத்தை ஓர் உயிரோடு நிறுத்துப் பாருங்கள். கான்ட் கடைசியில்: "அவசரமென்றால் புகார் சொன்னவன் பேச்சே போதும்" என்பதை எல்லா அரசர்க்கும் விதியாக்கினால் நீதி என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது.

பிற்சேர்க்கை: "எல்லாம் ஊழ்வினை என்று இளங்கோவே சொல்கிறாரே?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அது ஏன் நடந்தது என்பதற்குக் காப்பியம் தரும் காரணம். சரியா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் ஊழைச் சாக்காகச் சொல்லவில்லை. "யானே கள்வன்" என்றான்.

இன்னொருவர் காவலர்களைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி. கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைப்படும் ஆள் இல்லை என்று காவலர்கள் சொல்கிறார்கள். வெட்டியவனோ "கல்லாக் களிமகன்", குடிகாரன். குடித்துவிட்டுச் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை கொடுத்த சட்டத்தையும் அரிஸ்டாட்டில் அதே இடத்தில் குறிப்பிடுகிறார். அவனுக்குத் தனித் தாள் போடுங்கள்.