குழுவில் எதைக் கேட்கலாம், எதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது

கர்ப்பமாக இருக்கும்போது சந்தேகம் வருவதெல்லாம் பெரும்பாலும் ராத்திரியில்தான். டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கும், வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், கையில் போன் இருக்கும். கர்ப்பிணிகள் குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் நாலு பேர் பதில் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்காதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாரத்தைச் சொல்லுங்கள். "அஞ்சாவது மாசம்" என்றால் ஒருவர் 18 வாரம் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் 22 என்பார். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் கணக்கு, மொத்தம் 40 வாரம். கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் இந்தக் கணக்கே ஒரு வாரம் பிசகும், ஆறாவது வார ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம், அதனால்தான் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இது தெரியாமல் யாராவது "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, கலைஞ்சிடுச்சு" என்று எழுதிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அப்புறம் முதல் பிரசவமா, சுகர், பிபி, தைராய்டு ஏதாவது இருக்கிறதா, டாக்டர் ஏற்கெனவே என்ன சொன்னார், இதையும் சேர்த்து எழுதுங்கள். இப்படி: "24 வாரம் 2 நாள், முதல் குழந்தை, பிபி நார்மல். ஒரு வாரமா ராத்திரியில ரெண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடிக்குது. உங்களுக்கு இருந்ததா, என்ன பண்ணினீங்க?" கடைசியில் "நான் என்ன பண்ணணும்" என்று முடிக்காமல் "நீங்க என்ன பண்ணினீங்க" என்று கேட்டால் வருவது அனுபவமாக இருக்கும். வாந்தி, நெஞ்செரிச்சல், எப்படிப் படுத்தால் தூக்கம் வருகிறது, 24 வாரத்துக்கு மேல் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை எப்படி இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் பையில் என்ன எடுத்து வைப்பது, இதற்கெல்லாம் குழுவைவிட நல்ல இடம் கிடையாது.

மாத்திரை விஷயம் வேறு. "நான் போட்டேன், ஒன்னும் ஆகல" என்பவர் எந்த மாதத்தில் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. வலிக்குச் சாதாரணமாகப் போடும் இப்யூப்ரோஃபென்கூட 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். மருந்தின் பெயர் வந்தாலே டாக்டரிடம் கேளுங்கள், அதேபோல் போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நான் மிகவும் பயப்படுவது குழந்தையின் அசைவைப் பற்றிய பதில்களைப் பார்த்துத்தான். "சாயங்காலத்திலிருந்து அசைவே இல்லை" என்று ஒருத்தி எழுதுவாள். ஐஸ் தண்ணீர் குடி, இனிப்பு சாப்பிடு, கடைசி மாதத்தில் இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும் என்று வரிசையாகப் பதில் வரும். அவளும் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பாள், ரெண்டு மணி நேரம் போயிருக்கும். கடைசி மாதத்தில் அசைவு குறையும் என்பது தவறு. அசைகிற விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குறைந்தது போல் தோன்றினால் அர்த்த ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் வைத்துத் துடிப்பு கேட்கும் கருவியை நம்பி உட்காராதீர்கள், அதில் கேட்பது உங்கள் நாடியாகவே இருக்கலாம்.

இரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, மேல்வயிற்றில் கடுமையான வலி, காய்ச்சல், இவை வந்தாலும் முதல் போன் ஆஸ்பத்திரிக்குத்தான், குழுவில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் இருக்கும் மேல்பகுதியை வெட்டிவிடுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் அதே கேள்விக்குக் கீழே என்ன சொன்னார் என்று ரெண்டு வரி எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இதே சந்தேகத்தோடு தூங்காமல் தேடுகிற ஒருத்தி அதைத்தான் முதலில் படிப்பாள்.