ஆட்டோகிராஸுக்கு டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை பைபாஸ் ரோட்டில் நான் வழக்கமாகப் போகிற டயர் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும்: “அண்ணே, இருக்கிறதுலயே நல்ல கிரிப்பு எதுண்ணே?” கடைக்காரர் எந்த வண்டி என்று கேட்பார், நாலு பெயர் சொல்வார், விலை சொல்வார், வியாபாரம் முடிந்தது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிறவருக்கு அது போதும். ஆட்டோகிராஸ் ஓட்டப்போகிறவர் கேட்க வேண்டியது வேறு. என் ரிம் எத்தனை அங்குல அகலம்? ஓடப்போகிற தரை எது? ஒரு ரன் எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளாமல் நானும் என் நண்பன் ஒருவனும் டயரில் விட்ட காசுக்கு நல்ல அலாய் வீல் ஒரு செட்டே வாங்கியிருக்கலாம்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காலி மைதானத்தில் கூம்புகளை நட்டு வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் அந்த வளைவுகளுக்குள் புகுந்து வர வேண்டும். கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு ரன் ஏறக்குறைய ஒரு நிமிடம். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். எந்த வளைவும் நீளமில்லை, ஆனால் வண்டி எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும்.

தரையைப் பார்க்காமல் டயர் வாங்குவதுதான் இதில் ஆகப் பெரிய தவறு. யூடியூபில் நாம் பார்க்கிற ஆட்டோகிராஸ் பெரும்பாலும் அமெரிக்காவில், தார் அல்லது கான்கிரீட் தரையில் நடப்பது. நம் நாட்டில் அதே பெயரில் நடக்கிற போட்டிகள் பல மண் தரையில் நடக்கின்றன. மென்மையான ரப்பரில், பள்ளம் குறைவாக வார்த்த தார் ரோட்டு டயரைக் கொண்டுபோய் சரளை கலந்த செம்மண்ணில் விட்டால் ஒரே நாளில் கீறிக் குதறிவிடும். திருமங்கலம் தாண்டிக் கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்திருந்தால் கதையே வேறு. டயர் பள்ளத்தில் களி அப்பிக்கொள்ளும், எந்த டயரும் மொட்டை டயர்தான். ஆகவே போட்டி அறிவிப்பு வந்ததும் நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு முதலில் கேளுங்கள்: மண்ணா, தாரா, கான்கிரீட்டா? இனி சொல்வதெல்லாம் தார், கான்கிரீட்டுக்கு.

பெயரைப் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பை எஃப்ரென் யாரேனா வென்றபோது அவர் ஓடியது எம்.ஆர்.எஃப். அணிக்காக, எம்.ஆர்.எஃப். டயரில். நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் ஓட்டியது ராலிக்கென்றே செய்த டயர். கடையில் உங்கள் காருக்குக் கிடைப்பது 40,000 கிலோமீட்டர் உழைக்க வேண்டும், மழையில் நிற்க வேண்டும், மைலேஜும் தர வேண்டும் என்று செய்யப்பட்டது. பெயர் ஒன்று, பண்டம் வேறு. எந்தக் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

அகலம் கூடினால் கிரிப் கூடுமா?

இதில் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். என் கார் பழைய போலோ. கம்பெனி கொடுத்தது 185/60 ஆர்15, ரிம் அகலம் 6 அங்குலம். ஒரு கடையில், “205 போடுங்க சார், ஒட்டிக்கிட்டு நிக்கும்” என்றார்கள். 205/60 ஆர்15 மாட்டிக்கொண்டு பெருமையாக வந்தேன். பார்க்கவும் வண்டி நன்றாகத்தான் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தது பிறகுதான். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம், 60 என்பது அகலத்தில் 60 சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம் என்று அர்த்தம். 185-க்கு அது 111 மில்லிமீட்டர், 205-க்கு 123. டயரின் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டரிலிருந்து 627 ஆகிவிட்டது, ஏறக்குறைய 4 சதவீதம். அதாவது எல்லா கியரும் 4 சதவீதம் நீண்டுவிட்டன. கூம்பைச் சுற்றி வெளியே வரும்போது வண்டி எழும்பாமல் முனகியது. உயரமான சைடுவால் மடங்கி நிமிர்வதற்குள் அடுத்த கூம்பு வந்துவிடும். பழைய டயரில் ஓடிய நேரத்தைவிட அரை நொடிக்கு மேல் அதிகம்.

பிறகு தேடிப்பிடித்துப் போட்டது 195/55 ஆர்15. சைடுவால் 107 மில்லிமீட்டர், விட்டம் 595 சொச்சம். 6 அங்குல ரிம்முக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. டயர் தாங்கும் எடைக்கான எண்ணான லோடு இன்டெக்ஸும் குறையவில்லை: பழையதில் 84, அதாவது டயருக்கு 500 கிலோ, புதியதில் 85, அதாவது 515 கிலோ. இதையும் கட்டாயம் பாருங்கள். அளவை மாற்றும்போது கம்பெனி கொடுத்த லோடு இன்டெக்ஸுக்குக் கீழே போகவே கூடாது.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குல ரிம் வரை என்று கம்பெனி ஒரு வரம்பு போட்டிருக்கும். 225/45 ஆர்17-க்கு 7 முதல் 8.5 அங்குலம், நடுவே 7.5-தான் அதற்குச் சரியான இடம். வரம்பின் குறுகிய ஓரத்தில் உட்கார்ந்த டயர் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வளைவில் தள்ளாடும். ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்குவது காசைக் கொடுத்துத் தள்ளாட்டத்தை வாங்குவதுதான்.

டயரில் இருக்கும் 200

டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும் (எல்லா டயரிலும் இருக்காது). அமெரிக்காவில் கார் போட்டிகள் நடத்தும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பு சாலை டயர் பிரிவில் ஓடுகிற கார்களுக்கு இந்த எண் குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதனால்தான் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.71ஆர்.எஸ்., யோகோஹாமா ஏ052, ஃபால்கன் ஆர்.டி.660 போன்றவை பெயருக்குச் சாலை டயராக, குணத்தில் பந்தய டயராக இருக்கின்றன. மூன்றிலும் 200 என்றே இருக்கும்.

அந்த எண்ணைப் பார்த்து, 200 என்றால் 300-ஐவிட ஒன்றரை மடங்கு கிரிப் என்று நினைப்பதுதான் தவறு. அது தேய்மானத்துக்கான எண், கூடினால் மெதுவாகத் தேயும் என்று கணக்கு. டெக்சாஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒரு பொது டயரோடு ஒப்பிட்டுப் போடுவது. போடுகிறவரும் டயர் கம்பெனியே. விதி 200 என்று இருக்கும்போது, சீக்கிரம் தேய்கிற டயரிலும் 200 என்று அச்சடித்து வருவதில் ஆச்சரியமில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட இந்த எண் ஓரளவு உதவும். பக்கத்திலேயே இருக்கும் டிராக்‌ஷன் ஏஏ, ஏ என்பதும் வளைவில் பிடிப்பதைப் பற்றியதல்ல, ஈரத் தரையில் நேராக பிரேக் பிடிப்பதைப் பற்றியது.

இந்த டயர்கள் நம்மூரில் கிடைக்குமா என்பது தனி வழக்கு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது, உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதனால் யாராவது “சென்னையில ஒரு செட் இருக்கு, உடனே சொல்லுங்க” என்று போன் செய்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், தேதியைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 எண்கள் தேதி. 2219 என்றால் 2019-ன் 22-வது வாரம். அத்தனை வருடம் தகரக் கூரை போட்ட குடோனில் வெந்த டயர், தரையில் படும் பட்டன் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். சிலர் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்து “சாஃப்ட்டா இருக்கு” என்பார்கள். மதுரை மே மாத வெயிலில் நகத்தை அழுத்தினால் லாரி டயர்கூட சாஃப்டாகத்தான் இருக்கும்.

முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு

என் நண்பன் வைத்திருப்பது பழைய பி.எம்.டபிள்யூ. இசட்4. அழகர்கோயில் ரோட்டில் அவன் போனால் திரும்பிப் பார்க்காத ஆளில்லை. அந்த வண்டியின் 18 அங்குல வீலில் முன்னால் 225/40, பின்னால் 255/35, நாலும் ரன்ஃபிளாட். பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பதற்காக ரன்ஃபிளாட்டின் சைடுவால் தடித்து இருக்கும், எடையும் கூடுதல். ரோட்டுக்கு வசதி, கூம்புக்கு இல்லை. அவன் முதல் தவறு, அதே அளவில் மறுபடியும் ரன்ஃபிளாட்டே வாங்கியது.

பின்சக்கரம் அகலமாக இருப்பது பெரும்பாலும் ரோட்டில் வண்டி வால் சுழற்றாமல் இருக்கத்தான். ஆட்டோகிராஸில் அதனால் மூக்கு திரும்பாமல் வெளிப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். முன்னதைப் பின்னே மாற்றிப்போட்டு தேய்மானத்தைச் சமன் செய்யவும் வழியில்லை. கடைசியில் 8 அங்குல அகலமுள்ள 17 அங்குல ரிம் ஒரு செட் பிடித்து, நாலிலும் 225/45 போட்டான். மூக்கு உடனே திரும்பியது. வாலும் சேர்ந்து திரும்பியது! முதல் ரன்னில் மூன்றாவது கூம்பிலேயே பம்பரம். “மாப்ள, பழையதே தேவலாமோ?” என்றான். இரண்டு வார இறுதி பழகியபின் அந்தக் கேள்வி வரவில்லை. அளவை மாற்றினால் வண்டியின் குணம் மாறும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். போட்டி நாள் காலையில் புது டயர் மாட்டிக்கொண்டு வருவது அதனால்தான் மடத்தனம். புது ரப்பரின் மேலே அச்சிலிருந்து வந்த வழவழப்பு வேறு இருக்கும், கொஞ்சம் ஓடினால்தான் போகும்.

வெயிலும் காத்தும்

வெளிநாட்டு ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் மதுரையில் அடி வாங்கும் இடம் இதுதான். அவர்கள் கவலை, ஒரு நிமிட ரன்னில் டயர் சூடாகுமா என்பது. அதனால் சீக்கிரம் சூடேறுகிற ஏ052 மாதிரி டயரைத் தேடுவார்கள். நமக்குத் தரையே அடுப்பு. வரிசையில் நிற்கும்போதே டயர் தயார், நாலாவது ரன்னில் கொதித்து வழுக்க ஆரம்பிக்கும். இரண்டு பேர் ஒரே காரைப் பங்குபோட்டு ஓட்டினால் இன்னும் சீக்கிரம். ஒருவர் மட்டும் ஓட்டும் கார் என்றாலும் சூட்டைத் தாங்கும் டயர், கொஞ்சம் கிரிப் குறைந்தாலும், நம்மூருக்கு நல்லது என்பது என் கட்சி. நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் மல்லிகைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து ரன்னுக்கு ரன் டயரை நனைக்கிறான். அதுவும் வேலை செய்கிறது. (ஸ்பிரேயர் புதுசாக வாங்குங்கள், மருந்து வாடையோடு வேண்டாம்.)

காத்து விஷயத்தில் தவறு, காலையில் வைத்ததோடு மறந்துவிடுவது. டயருக்குள் இருக்கும் காற்று 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். ஒரு ஏப்ரல் மாதம், திருமங்கலம் பக்கம் ஒரு மில்லின் கான்கிரீட் யார்டில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கிப் பழகினோம். காலை 6 மணிக்கு நாலிலும் 34 வைத்தேன். 11 மணிக்கு, வண்டியை நகர்த்தாமலே, நிழல் பக்கத்து டயர்களில் 36, வெயில் பக்கத்து டயர்களில் 38. ஒரே கார், இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் ஒரு குணம். ஓட்டுகிறவன் தப்பு என்று அதுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப்பிறகு வண்டியை நிழலில் போடுகிறேன், இல்லையென்றால் டயர் மேல் ஒரு ஈரச் சாக்கு. பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பங்கில் இரண்டு கணக்கு காட்டும்.

எவ்வளவு காத்து சரி என்பதை சாக்பீஸ் சொல்லும். டயரின் ஓரத்தில் ட்ரெட்டும் (தரையில் படும் பகுதி) சைடுவாலும் சேரும் இடத்தில் மூன்று நான்கு கோடு போட்டுவிட்டு ஓடுங்கள். சைடுவாலில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி வரை சாக்பீஸ் அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். குறியைத் தொடவேயில்லை என்றால் இறக்குங்கள். என் 205 டயரில் சாக்பீஸ் அழிந்திருந்தது கம்பெனி பெயர் எழுதியிருக்கும் இடம் வரை.

புதிதாக ஓட்ட வருகிறவருக்கு நான் சொல்வது, முதல் சில போட்டிகளுக்கு வண்டியோடு வந்த டயரே போதும் என்பதுதான். சாதாரண டயர் கிரிப்பை விடுவதற்கு முன்னால் கீச்சென்று கத்தி எச்சரிக்கும். ஒட்டும் டயர் அதிகம் பேசாது, விடும்போது சட்டென்று விட்டுவிடும். அப்புறம், எந்த டயரையும் ரிங் ரோட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள், பந்தயத்துக்கும் வேக சோதனைக்கும் காப்பீடு கிடையாது என்று அதில் இருக்கும்.

போட்டி டயரில் கோயம்புத்தூர் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் நாற்கரச் சாலையில் ஓட்டிக்கொண்டு போவதும் வீண். பாதி ரப்பர் ஒட்டன்சத்திரத்துக்குள் போய்விடும். தனி ரிம்மில் மாட்டி, பின்சீட்டை மடக்கி ஏற்றிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் மொட்டை மாடியில் போடாதீர்கள், தண்ணீர் மோட்டார் இருக்கும் அறையிலும் வேண்டாம். மோட்டார் ஓடும்போது வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத அறையில் வையுங்கள். என்னுடையவை கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, அம்மாவின் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில். எது முதலில் வெளியே போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.